மனு குடுக்கப் போன அடுப்படி

கேக்குறவங்க கிட்ட வாங்க, அவசரமா இருக்கிறவங்க டோக்கன் வாங்கிட்டு வரிசையில நில்லுங்க, ஏன்னா இது வரிசையில நின்ன ஒரு அடுப்படியோட கதை. அடுப்படி எப்படி நிக்கும், அதுக்குக் காலா இருக்குன்னு குறுக்க கேக்குற ஆளுங்க, ஒருதடவையாவது நகராட்சி ஆபீசுக்குப் போய் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்து அப்புறமாக் கேளுங்க. காலு இருக்கிறதெல்லாம் அங்க எப்படி நகராமக் கெடக்குதுன்னு பாத்தவங்களுக்கு, காலு இல்லாதது நகர்றது பெரிய விஷயமாத் தெரியாது.

மேலக்கோட்டையூர்ல, மூடிப்போன மில்லுக்குப் பின்னாடி இருக்கிற தொழிலாளர் காலனியில, பூரணம்மா வீட்டுக்கு முன்னாடி ஹாலு, பின்னாடி அடுப்படி, நடுவுல ஒரு சுவரு. சுவத்துல ஜன்னல் கெடையாது, ஒரு காரை பேந்த ஓட்டை கூடக் கெடையாது. அடுப்படிலேர்ந்து ஹாலுக்கு வரணும்னா ஓரத்துச் சந்து வழியா சுத்தித்தான் வரணும். பூரணம்மா வீட்டுக்காரர் தோழர் சிங்காரம் மில்லு யூனியன் செயலாளர், வாயத் தொறந்தா ஹாலே சிரிக்கும். பெண் விடுதலையப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாரு, பேசி முடிச்சதும் சுவத்தைப் பாத்து, "பூரணம், இன்னும் நாலு டீ"ன்னு சொல்லுவாரு. சுவத்துக்குச் சொன்னா பூரணத்துக்குச் சொன்ன மாதிரிதான்னு அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஹால்ல ஒரு சிரிப்பு வரும். அடுப்படியில கடுகு வெடிக்கும், மிக்சி ஓடும், குக்கர் கத்தும், அதையெல்லாம் மீறி சுவத்துக்கு அந்தப் பக்கம் திடீர்னு எல்லாரும் சிரிப்பாங்க. பூரணம்மா அடுப்பக் கொறைச்சுட்டு, கைய முந்தானையில தொடைச்சுக்கிட்டே சந்து வழியா ஓடி வந்து, "என்ன, என்ன சொன்னீங்க?"ன்னு கேப்பாங்க. அதுக்குள்ள எல்லாரும் கண்ணத் தொடைச்சு முடிச்சிருப்பாங்க. "ஒண்ணுமில்ல பூரணம், சும்மா"ன்னு சொல்லுவாரு. பழைய குழம்பச் சுட வச்சுரலாம், ஆறிப்போன சிரிப்ப எந்த அடுப்புல வச்சும் சுட வைக்க முடியாது.

அதுலயும் மாட்டு ஜோக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. அந்த ஜோக்கோட சிரிப்பு பூரணம்மாவுக்கு மனப்பாடம். மொதல்ல ஒரு அலை வரும், அப்புறம் சத்தமே இருக்காது, அப்புறம் ரெண்டாவது அலை, அதுல யாராவது ஒரு தோழருக்கு டீ பொறை ஏறும். சிரிப்பு முழுசாத் தெரியும், ஜோக்கு தெரியாது. ஒரு மாடு வரும்ங்கிறது மட்டும் தெரியும். அந்த மாடு எங்க போச்சு, என்ன பண்ணுச்சுன்னு கேக்குறதுக்குள்ள தோழர் சிங்காரம் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவரு எந்திரிக்கல.

சின்னப்புள்ளையா அந்த ஹால்ல அப்பா மடியில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த மக வெண்மணி வளந்தா. லா காலேஜுக்குப் போனா. வாயி அப்பன் வாயி, கோவம் யாரோட கோவம்னு காலனிக்கே தெரியல. அவ கூடப் படிக்கிறவங்க வந்து ஹால ரொப்புனாங்க, திரும்பவும் வாதம், திரும்பவும் சிரிப்பு, திரும்பவும் பூரணம்மா கைய தொடைச்சுக்கிட்டு சந்து வழியா, "என்னடி, என்ன சொன்னீங்க?" வெண்மணியும் "ஒண்ணுமில்லம்மா, அதெல்லாம் உனக்குப் புரியாது"ன்னா. அப்பன் கிட்டேர்ந்து வாய மட்டுமா வாங்கியிருந்தா?

ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்த பூரணம்மா, அதுவரைக்கும் தனக்குன்னு எதையுமே கேக்காதவங்க, மகளக் கூப்புட்டுச் சொன்னாங்க: "அந்தச் சுவத்தை எடுத்துரலாமாடி?"

"எதுக்கும்மா?"

"எல்லாரும் சிரிக்கிறப்ப நானும் கூட இருக்கணும்னு ஆசையா இருக்கு. பின்னாடியே ஓடியோடி அலுத்துப் போச்சு."

வெண்மணி வந்து சுவத்துல கைய வச்சுப் பாத்தா. அது அவளுக்கே புதுசு. அப்புறம், "எடுக்குறேன்"ன்னா.

பக்கத்து வீட்டு ஜெபமணி அக்கா, "ஒரு கடப்பாரை, ஒரு கொத்தனாரு, மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சுரும், இதுக்குப் போயி எவளாச்சும் பெர்மிஷன் வாங்குவாளா?"ன்னாங்க. வாங்கணும்னா வெண்மணி. ஏன்னா கவுன்சிலரோட மச்சான் ரோட்ட ஒட்டி இழுத்துக் கட்டுன கடைய எதுத்து மனு போட்டவளே அவதான். இவ வீட்டுல ஒரு செங்கல் அனுமதியில்லாம அசைஞ்சாலும், படம் புடிச்சு வாட்ஸப்புல போடுறதுக்கு அந்த மச்சான் கையில போனோட காத்துக்கிட்டு இருந்தான். "சட்டப்படிதான் எடுப்பேன்"ன்னா வெண்மணி.

சட்டம் அவளப் பாத்துக் கொட்டாவி விட்டுச்சு. அந்தச் சுவத்து மேலதான் மாடித் தளம் நிக்குது, அதனால இஞ்சினியர் சர்டிபிகேட் வேணும்னாங்க. சர்டிபிகேட் வந்ததும் பிளான்ல வடக்கு எங்கன்னாங்க. வடக்கக் காட்டுனதும் சர்வர் இல்லன்னாங்க. சர்வர் வந்தப்ப நகரமைப்பு ஆய்வாளர் ஞானசிகாமணி லீவுல இருந்தாரு, அவரு வந்தப்ப ஜீப்பு ஒர்க்‌ஷாப்புல இருந்துச்சு. "எடத்தப் பாக்காம எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?" வெண்மணி கத்துனா. ஆடி போயி ஆவணி போயி, ஐப்பசி மழை வந்துருச்சு. பூரணம்மா ஒவ்வொரு சாயங்காலமும் சுவத்துல கைய வச்சு, "இன்னும் கொஞ்ச நாளு"ன்னு சொல்லுவாங்க. அது சுவத்துக்குச் சொன்னதா, அடுப்படிக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கிட்டதான்னு யாரும் கேட்டுக்கல. ஆனா அடுப்படி கேட்டுக்கிட்டு இருந்துருக்கு.

ஒரு புதன்கிழமை காலையில பூரணம்மா பால் பாக்கெட்டோட சந்து வழியாப் போனாங்க. அடுப்படி இல்ல. செவ்வகமா ஈர மண்ணு, அதுல ஒரு மண்புழு, மேல வானம். சுவரு மட்டும் அப்படியே நின்னுச்சு, ஏன்னா அது ஹாலோட சுவரு, அது எதுக்குப் போகுது. பூரணம்மா பால் பாக்கெட்டக் கையில வச்சுக்கிட்டே சொன்னாங்க: "பாவம், எத்தனை நாளுதான் பொறுக்கும். ஆபீசுக்குப் போயிருக்கும்."

ஆபீசுக்குத்தான் போயிருந்துச்சு. நகராட்சி வளாகத்துல, பிடிச்சுப் போட்ட தள்ளுவண்டிக்கும் காத்துப்போன குப்பை வண்டிக்கும் நடுவுல, மேடையோட, அலமாரியோட, அஞ்சறைப் பெட்டியோட, சொட்டுற கொழாயோட, போன வருசக் காலண்டரோட அமைதியா நின்னுச்சு. வாட்ச்மேன் இருளப்பன் வந்தவங்களுக்கெல்லாம் வெளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தாரு: "கேட்டத் தொறக்க முன்னாடியே வந்து நின்னுச்சுங்க. மனு குடுக்கவான்னேன். பேசல. பொம்பளைங்க நெறைய பேரு மொதல்ல அப்படித்தான் பேச மாட்டாங்க. சரி பாவம்னு உள்ள விட்டு ஒரு டோக்கனும் குடுத்தேன்." டோக்கன் கொழாய்ல மாட்டித் தொங்குச்சு.

பூரணம்மா அங்கயே போயி பாலக் காய்ச்சுனாங்க. புது வீட்டுக்குக் காய்ச்சுற மாதிரி ஒண்ணும் இல்ல, வேற எங்க காய்ச்சுறது? மறுநாளும் போனாங்க. காலையில டிபன் பாக்ஸோட கெளம்பி நகராட்சிக்குப் போயி சமைச்சு, சாயங்காலம் தூக்குல கொழம்போட வீட்டுக்கு வந்தாங்க, வேலைக்குப் போறவங்க மாதிரி.

ஊரு ரெண்டு நாளு பாத்துச்சு, மூணாம் நாளு பழகிருச்சு. காலனிப் பொம்பளைங்க காலையில எந்திரிச்சதும் அவங்கவங்க அடுப்படி இருக்கான்னு எட்டிப் பாத்துக்கிட்டாங்க, ஆம்பளைங்க பாதிப் பேரு அன்னைக்குத்தான் கல்யாணத்துக்கப்புறம் மொதமொதலா உள்ள தலைய விட்டு, "எல்லாம் சௌகரியமா இருக்கா?"ன்னு அடுப்படியவே விசாரிச்சாங்க, பொண்டாட்டிய இல்ல. ஆபீசுல சுகாதாரப் பிரிவு வந்து ஓட்டல் லைசென்ஸ் இருக்கான்னு கேட்டுச்சு, வருவாய்ப் பிரிவு வந்து இது எந்த வார்டு வரின்னு கேட்டுச்சு, ரெண்டு பிரிவும் ரசம் குடிச்சுட்டு அப்புறம் பாக்கலாம்னு போயிருச்சு. தூய்மைப் பணியாளருங்க பதினோரு மணிக்கு வந்து கொண்டாந்த சோத்தச் சுட வச்சுக்கிட்டாங்க. மழை பேஞ்சா மனுக்காரங்க அடுப்படிக்குள்ள ஒதுங்குனாங்க. காத்துக்கிட்டு இருக்கிற ஆளுங்க பின்ன என்ன செய்வாங்க, பேசுனாங்க.

இப்ப நல்லாக் கேளுங்க. ஹால் பக்கத்துச் சுவரு வீட்டுலயே நின்னு போச்சுல்ல? அதனால இங்க அந்த அடுப்படிக்கு ஒரு பக்கம் சுவரே இல்ல. மேடை முன்னாடி நின்னு பூரணம்மா கரண்டியோட திரும்புனா, மொத்த வரிசையும் எதுர்ல. ஒரு பெரியவரு தெருவிளக்குக்காக வந்திருந்தாரு: "பகல்ல எரியுது, ராத்திரி எரிய மாட்டேங்குதுன்னு மனு குடுத்தேங்க. பகலில் எரிவதால் விளக்கு நல்ல நிலையில் உள்ளதுன்னு பதில் போட்டிருக்கான்!" வரிசை சிரிச்சுச்சு. பூரணம்மாவும் சிரிச்சாங்க. கூடவே. அதே நேரத்துல. தொடையத் தட்டி, வாயப் பொத்தாம சிரிச்சு, கடைசியில ஒரு விக்கலு விக்குனாங்க. யாரும் "ஒண்ணுமில்ல, சும்மா"ன்னு சொல்லல. பெரியவரு அவங்களப் பாத்து, "கேட்டியா தாயி அக்கிரமத்த?"ன்னாரு. "கேட்டேண்ணே, கேட்டேன்"னாங்க பூரணம்மா. அந்தக் 'கேட்டேன்'ங்கிற வார்த்தைய அவங்க சொன்ன விதத்த நீங்க கேட்டிருக்கணும்.

வெண்மணி இதப் பாத்தா. காலேஜ் விட்டு வர்றப்ப கேட்டுக்கிட்ட நின்னு, எங்கம்மாவுக்கு இப்படியெல்லாம் சிரிக்கத் தெரியுமான்னு பாத்தா. பாத்தாளே தவிர உள்ள வாங்கல. தள்ளுவண்டிக்கும் குப்பை வண்டிக்கும் நடுவுல எங்கம்மா நகராட்சிக்கே வடிச்சுக் கொட்டுறாளேங்கிற ஆத்திரம் அவ கண்ண மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. கவுன்சிலரு மச்சான் வேற, 'அடுத்தவன் ஆக்கிரமிப்பக் கேட்டவ வீட்டு அடுப்படியே ஆக்கிரமிப்பு'ன்னு படம் போட்டுட்டான். அவ நேரா ஞானசிகாமணி மேசைக்குப் போனா.

"சார், எங்க அடுப்படிய எப்ப அனுப்பப் போறீங்க?"

"நாங்க கூப்பிடவே இல்லையேம்மா."

"அப்ப இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுங்க. நீங்க ஜீப்புல கூடப் போக வேணாம், ஜன்னலத் தொறந்தா தெரியுது."

"அதெப்படிம்மா? பிளான்ல இருக்கிற எடம் காலனி. அங்க போனா அடுப்படி இல்ல. அடுப்படி இங்க இருக்கு, சுவரு அங்க இருக்கு. எதை நான் எங்க நின்னு பாக்குறது?"

"ரெண்டுக்கும் நடுவுல நின்னு உங்க மனசாட்சியப் பாருங்க."

"அது பிளான்ல இல்லையேம்மா"ன்னாரு ஞானசிகாமணி. நிஜமாவே பிளானப் புரட்டிப் பாத்துட்டுத்தான் சொன்னாரு.

அவ மேலதிகாரிக்கு எழுதுனா, அவருக்கும் மேல எழுதுனா, ஆபீசு வாசல்ல உக்காந்தா, போலீசு வந்தப்ப போலீசுக்கே சட்டம் சொல்லிக் குடுத்தா. கார்த்திகை தீபத்தன்னைக்கு பூரணம்மா வளாகத்துல அந்த மேடையில ரெண்டு வெளக்கு ஏத்தி வச்சாங்க, மனுக்காரங்க ஆளுக்கொரு வெளக்குக் கொண்டாந்து வச்சாங்க. அன்னைக்குத்தான் ஞானசிகாமணி அவளக் கூப்பிட்டு விட்டாரு. தலைமை ஆபீசுலேர்ந்து கமிஷனர் ஆய்வுக்கு வர்றாரு, வளாகத்துல அடுப்பு எரியுறத அவரு பாத்தா இவரு சீட்டு எரிஞ்சுரும்.

"இந்தாம்மா, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். அடுப்படி இருந்தது இருந்தபடி, இருந்த எடத்துலயே இருக்கும்னு எழுதிக் குடு. இப்பவே ஆர்டர் போடுறேன்."

பூரணம்மாவும் கரண்டியோட வந்து பக்கத்துல நின்னாங்க. "வெண்மணி, இப்ப என்னடி அவசரம், கொஞ்சம் யோசிச்சு..."

"நீ சும்மா இரும்மா, உனக்குப் புரியாது"ன்னுட்டு அவ எழுதுனா. ஜெயிக்கிறவங்க கை எழுதுறப்ப கண்ணு கூடப் போகாது. எதுக்காகச் சண்டைய ஆரம்பிச்சோம்ங்கிறது மறந்து போயி, சண்டையில ஜெயிக்கணும்ங்கிறது மட்டும் மிச்சமிருந்துச்சு. சட்டம் படிச்ச பொண்ணு. 'இருந்தது இருந்தபடி'ன்னு எழுதிக் கீழ கையெழுத்துப் போட்டா.

பூரணம்மா திரும்பி வந்து வெளக்கு ஒவ்வொண்ணையும் அது அதுக்குரியவங்க கையில குடுத்தாங்க. தெருவிளக்குப் பெரியவரு, "நாளைக்கு வருவியா தாயி?"ன்னாரு. "தெரியலண்ணே"ன்னாங்க.

ஆர்டர அடுப்படி மேல ஒட்டுனாங்க. மறுநாள் காலையில அடுப்படி வீட்டுல இருந்துச்சு. மண்புழு இருந்த எடத்துல தரை, வானம் இருந்த எடத்துல கூரை. சுவரு, அது பாட்டுக்கு முன்ன மாதிரியே நடுவுல. அடுப்படி அதுல வந்து பொருந்துன எடத்துல ஒரு மயிரிழை விரிசல் கூட இல்ல.

ஹால்ல கூட்டம். வெண்மணியோட சேக்காளிங்க, ஜெபமணி அக்கா, அப்பாவோட பழைய தோழருங்க. வெண்மணி எந்திரிச்சு நின்னு ஞானசிகாமணி மாதிரியே கண்ணாடியத் தூக்கிவிட்டு, பிளானப் புரட்டி, "மனசாட்சி பிளான்ல இல்லையேம்மா"ன்னு பேசிக் காட்டுனா. ஹாலே அதிர்ந்து போச்சு. ஒரு தோழருக்கு டீ பொறை ஏறுச்சு. எல்லாரும் கண்ணத் தொடைச்சு முடிச்சாங்க.

சந்து வழியா பூரணம்மா வந்தாங்க. கைய முந்தானையில தொடைச்சுக்கிட்டே.

"என்னடி, என்ன சொன்ன?"

வெண்மணி வாயத் தொறந்தா. போலீசுக்கே சட்டம் சொல்லிக் குடுத்த வாயி. திரும்பச் சொல்லிப் பாத்தா, "அந்த ஆளு பிளானப் புரட்டி..."ன்னு ஆரம்பிச்சா. சிரிப்பு வரல, யாருக்கும் வரல. பூரணம்மா மகளுக்காக ஒரு சிரிப்புச் சிரிச்சாங்க, வாயப் பொத்திக்கிட்டு. தொடையத் தட்டல. விக்கலு வரல. "நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டுத் திரும்பச் சந்துக்குள்ள போயிட்டாங்க, அடுப்புல பாயசம் இருந்துச்சு.

வெண்மணி அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. கட்டுனவன் ஒருத்தன், காப்பாத்துனவ இவ. இவளே ஆர்டர் வாங்கிக் காப்பாத்தியிருக்கா.

மறுநாள் திரும்ப நகராட்சிக்குப் போனா. புது மனு. ஞானசிகாமணி கண்ணாடியத் தூக்கிவிட்டாரு. "மறுபடியுமா? நீயே எழுதிக் குடுத்திருக்கியேம்மா, இருந்தது இருந்தபடின்னு."

"ஆமா சார். நாந்தான் எழுதுனேன். தப்பா எழுதுனேன். அந்தச் சுவத்தை எடுக்கணும்."

அவ குரல்ல கத்தலே இல்லாததப் பாத்து அவரு பயந்து போயி டோக்கன் குடுத்துட்டாரு.

வெளிய வந்தா, வளாகத்துல அந்த எடம் காலியாக் கெடந்துச்சு. தள்ளுவண்டிக்கும் குப்பை வண்டிக்கும் நடுவுல ஒரு செவ்வகம். வண்டி நிறுத்த எடமில்லாத ஆபீசுல, அங்க மட்டும் யாரும் வண்டிய நிறுத்தல. வரிசை அதச் சுத்தி வளைஞ்சுதான் நின்னுச்சு. பதினோரு மணிக்கு யாருமே தாளிக்காம கடுகு வெடிக்கிற வாசம் வந்துச்சு, தூய்மைப் பணியாளருங்க சோத்து டப்பாவத் தொறந்து அந்தப் பக்கமாத் திருப்பி வச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்துச் சாப்பிட்டாங்க. தெருவிளக்குப் பெரியவரு அந்த வெத்து எடத்தப் பாத்தே பேசிக்கிட்டு இருந்தாரு, எதுர்ல ஆளு இருக்கிற மாதிரி. இருளப்பன் சொன்னாரு: "அந்தம்மா இருந்தப்ப பேசுனா ஒரு ருசி இருக்கும்மா. இப்ப பேசுறது உப்பில்லாம இருக்கு."

வெண்மணி போயி அந்தச் செவ்வகத்தோட ஓரத்துல உக்காந்தா. சமையல் மேடை இருந்த பக்கமாத் திரும்பி உக்காந்தா.

"எங்கப்பா ஒரு ஜோக்கு சொல்லுவாரு"ன்னா. "ஒருத்தன் மாட்ட ஓட்டிக்கிட்டு தாலுகாபீசுக்கு மனு குடுக்கப் போனானாம். வரிசையில நின்னு நின்னு அசந்து தூங்கிட்டான். முழிச்சுப் பாத்தா மனுவ மாடு தின்னுட்டிருக்கு." வரிசையில லேசா ஒரு சிரிப்பு ஓடுச்சு, அதான் அந்த மொத அலை. அவ கொஞ்சம் நிறுத்துனா, அவங்கப்பா நிறுத்துற அளவுக்கு. "இவன் குய்யோ முறையோன்னு அழுதானாம். உள்ளருந்து கிளர்க்கு எட்டிப் பாத்துச் சொன்னாராம்: ஏன்யா அழுவுற? எங்கிட்டக் குடுத்தாலும் உள்ளதான் போயிருக்கும். மாட்டுக்கிட்டன்னா நாளைக்குக் காலையில வெளிய வந்துரும்!"

வரிசை வெடிச்சுச்சு. பெரியவரு இருளப்பன் தோளப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு, குழந்தைய இடுப்புல வச்சிருந்த பொண்ணு குழந்தையோட சேந்து சிரிச்சா, மாடி ஜன்னல்ல ஞானசிகாமணி கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. வெண்மணி மட்டும் சிரிக்கல. காலி எடத்தப் பாத்துக்கிட்டு இருந்தா. அங்க மண்ணுதான் இருந்துச்சு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்ப ஜெபமணி அக்கா வாசல்லயே மடக்குனாங்க. "ஏன்டி, உங்கம்மாவுக்கு என்னாச்சு? மத்தியானம் கொழம்பு வாங்கப் போறேன், அடுப்படியில தனியா நின்னு தொடையத் தட்டித் தட்டிச் சிரிக்குது. என்னக்கான்னு கேட்டா விக்கலு, பேச முடியல. தண்ணி குடுத்துட்டு வந்தேன்."

வெண்மணி பையக் கூடக் கழட்டாம சந்து வழியா ஓடுனா. இத்தனை வருசத்துல அந்தச் சந்துல அடுப்படிப் பக்கமா யாரும் ஓடுனதில்ல. பூரணம்மா அடுப்புக்கு முன்னாடி நின்னாங்க, கண்ணு ரெண்டும் ஈரமாப் பளபளன்னு இருந்துச்சு, சுவத்துல ஒரு கைய ஊனியிருந்தாங்க. மகளப் பாத்ததும் திரும்பவும் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. என்ன சொன்னன்னு அவங்க கேக்கல.

"அது சரிடி"ன்னாங்க, கண்ணத் தொடைச்சுக்கிட்டே. "அந்த மாட்டுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"